மச்சு ரூமுக்கும் சிக்னல் வந்துட்டு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுதேன். வீடு முழுக்க வைஃபை எட்டணும்னு நீ அனுப்பின மூணு டப்பாவும் இப்போ ஒழுங்கா வேலை செய்யுது. போன்லயே சொல்லிருப்பேன். உங்கம்மை பக்கத்துலயே நிக்கா, அதான் கடிதம்.

செவ்வாக்கிழமை காலையில கூப்பிட்டு, இங்க உலை கொதிக்கிற வரைக்கும் லைன்லயே இருந்து சொல்லித் தந்தே. முன்னெல்லாம் அந்த நேரத்துல கூப்பிட்டா "மீட்டிங்ல இருக்கேம்பா"ன்னு வச்சிருவே. இந்தத் தடவை அவசரமே படலை. சந்தோசந்தான். ராத்திரி வெரசாப் படு.

நீ சொன்னபடியே மூணாவது டப்பாவை மச்சு ரூம்லருந்து எடுத்துட்டோம். சிக்னலே எட்டாத இடத்துல வச்சா அது எதை வாங்கி எதைக் கொடுக்கும்? மாடிப்படி திரும்புற இடத்துல மாடக்குழியில வைக்கலாம்னா உங்கம்மை. மூணு பக்கமும் சுவரு, ஆகாதுன்னு ஸ்டூல் போட்டு வச்சேன். சிவப்பு லைட் போயிட்டு. உங்க தாத்தா கட்டின காரைச் சுவரு ஒண்ணரை அடி. வைஃபை அலையில 5 கிகாஹெர்ட்ஸ் வேகமா வந்தாலும் அந்தச் சுவத்துலயே செத்துருது. 2.4 பைய வந்தாலும் தாண்டி வந்துருது. பட்டாசாலை டப்பா இரும்பு பீரோவுக்குப் பின்னால இருந்துச்சு, அதையும் வெளியே எடுத்தாச்சு.

பொறவு ஒரு கூத்து. உங்கம்மை போன் மட்டும் அடுக்களையில சுத்திக்கிட்டே நின்னுச்சு. பார்த்தா, தார்சாவுல இருக்க பழைய மோடம் தன் பழைய பேர்லயே தனியா வைஃபை விட்டுக்கிட்டு இருக்கு. சவம், போன் அதையே பிடிச்சுத் தொங்குது. அந்த வைஃபையை மட்டும் அணைச்சோம். மோடமும் உன் டப்பாவும் ரெண்டுமே போனுக்கெல்லாம் நெட் முகவரி கொடுத்துக்கிட்டு இருந்துச்சாம், கேபிள்காரப் பையன் வந்து மோடம் லைனை மட்டும் கடத்துற மாதிரி பிரிட்ஜ் மோடுல போட்டுட்டுப் போனான். இல்லன்னா சில ஆபீஸ் விபிஎன், அதான் வீட்டுலருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போற பூட்டின பாதை, மக்கர் பண்ணுமாம். அதான் முதல்ல இதைச் சரி பண்ணுன்னு சொன்னேன்.

எங்களுக்கு விபிஎன் எதுக்குன்னு கேப்பே. ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.

டப்பாவுக்கு டப்பா காத்துலயே வாங்கி, காத்துலயே கொடுத்தா வேகம் பாதியாயிரும்னு நீதான் சொன்னே. அதனால கேட் 6 நெட் ஒயர் வாங்கி, மச்சு வரைக்கும் சுவரோரமா இழுத்தாச்சு. ஒயர் வந்த பொறவு டப்பா மறுபடியும் ரூமுக்குள்ளயே போயிட்டு. நம்ம நெட் பிளான் வேகம் 100 எம்பிபிஎஸ். முன்ன மச்சுல 30 வந்தாலே பெருசு, இப்போ 90க்கு மேல நிக்கி. எதிர்வீட்டு வாத்தியார் ஏறி வந்து பார்த்துட்டு, "இதெல்லாம் உம்ம மகன் பெங்களூர்லருந்தே செஞ்சானா?"ன்னாரு. ஆமான்னேன். போன பொங்கலுக்குப் பொறவு இந்தப் பக்கம் எட்டிப் பாக்காதவன்னு சொல்லலை.

சாரக் காத்து அடிச்சா கரண்டு போவுது. எல்லாத்தையும் இன்வெர்ட்டர்ல மாத்திட்டேன். அணைச்சுட்டுத் திரும்பப் போடணும்னா மோடம் முதல்ல, பொறவு பெரிய டப்பா, கடைசியா மத்த ரெண்டும். எழுதி ஒட்டியிருக்கேன். வீடியோவுல பேசுறப்போ பாதியில அறுந்துருமோன்னு பயப்பட வேண்டாம்.

நெசத்தைச் சொல்லணும்னா எங்க ரெண்டு பேருக்கு தார்சாவுலயும் பட்டாசாலையிலயும் வந்தாலே போதும். மச்சு ஏற உங்கம்மைக்கு முட்டு விடலை. ஆனாலும் போன வாரம் ஏறி ரூமை ஒட்டடை அடிச்சா, நெல்லு மூட்டையைக் கீழ இறக்கச் சொன்னா. எதுக்குன்னு நான் கேக்கலை, அவளும் சொல்லலை. உன் பழைய மேசை அங்கனதான் கிடக்கு. ஜன்னலைத் திறந்தா வாய்க்கால் காத்து வரும்.

இப்போ எத்தனையோ பேரு வீட்டுலருந்தே வேலை பாக்காங்க. பாக்காட்டியும் ஒண்ணும் குடி முழுகிரப் போறதில்ல. உங்க சித்தப்பா பம்பாயிலருந்து வந்த வருசம் இந்த வீட்டுல யாரு என்ன பேசியிருந்தாலும், அது அந்தக் காலம். நீ படிச்ச பிள்ளை, உனக்குத் தெரியும். வாடகை, கீடகைன்னு எதுவும் முடையாயிருந்தா பாங்குல கார் நெல்லு வித்த பணம் அப்படியே கிடக்கு. சும்மா சொல்லி வைக்கேன்.

ராத்திரி வெரசாப் படு. ரெண்டு மணிக்கும் வாட்ஸ்அப்ல நீ இருக்கது இங்க தெரியுது. காலையில பழையதாவது சாப்பிட்டுட்டு உக்காரு.

நாகர்கோவில் வண்டியில சாயங்காலம் ஏறினா விடிய திருநெல்வேலி. அங்கருந்து செங்கோட்டை வண்டி கல்லிடைக்குறிச்சியில நிக்கும். டிக்கெட் கிடைக்கலன்னா பஸ்ல வா. வரும்போது நெட் ஒயர் மாட்டுற அஞ்சு போர்ட் உள்ள கிகாபிட் சுவிட்ச் ஒண்ணு வாங்கிட்டு வா. மச்சு டப்பாவுல ஒரு ஓட்டைதான் மிச்சம் இருக்கு, உன் ஆபீஸ் லேப்டாப்பும் உன் சொந்த லேப்டாப்பும் சேர்த்து மாட்டணும்னா பத்தாது. அம்பாசமுத்திரத்துல கேட்டேன், 100 எம்பிபிஎஸ் சுவிட்ச்தான் வச்சிருக்கான்.

இப்படிக்கு,
அப்பா