மதுரை மாவட்ட மரச்செக்கு எண்ணெய்க் கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். உங்கள் கடைகளில் பல ஆண்டுகளாக நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வாங்கிவரும் வாடிக்கையாளர்களில் நானும் ஒருவன். உங்கள் தொழிலின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. உங்களில் சிலர் வாசலில் மாட்டியிருக்கும் "செக்கு நல்லெண்ணெய் சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்ற பலகையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் தாய்மாமா அப்படியொரு பலகையை நம்பி, தினமும் வெறும் வயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் குடிக்கத் தொடங்கினார். எண்ணெயே போதும் என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்து, காலில் பட்ட சிறு கீறல் ஆறாமல் புண்ணாகி நின்றபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் என்பது ஏறத்தாழ 240 கலோரி. வழக்கமான சாப்பாட்டில் எதையும் குறைக்காமல் அதை நாள்தோறும் கூட்டினால் எடை ஏறும், எடை ஏறினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. மருந்து என்று நினைத்துக் குடித்தது நோய்க்கே துணைபோகக்கூடியது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எள்ளுக்குச் சிறப்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. செசமின் போன்ற லிக்னான்கள் எனும் தாவரச் சேர்மங்களும் உண்டு. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நல்லெண்ணெய், ஒரு குழுவுக்கு சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரை, மூன்றாம் குழுவுக்கு இரண்டும் என 60 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்கே சர்க்கரை அதிகம் குறைந்தது. அங்கே எண்ணெய் சமையலில் சேர்ந்ததே ஒழிய, யாரும் கரண்டியில் ஊற்றிக் குடிக்கவில்லை. அறுபது பேர், அறுபது நாள் என்பது மேற்கொண்டு ஆராயப் போதும், பலகை எழுதப் போதாது.

2016-இல் 102 உணவு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாவுச்சத்திலிருந்து வரும் ஆற்றலில் ஒரு பங்கை, அதாவது நாளின் மொத்த ஆற்றலில் 5 சதவீத அளவை, நிறைவுறாக் கொழுப்பில் ஒரு வகையான, நல்லெண்ணெயிலும் உள்ள பல்நிறைவுறாக் கொழுப்பால் ஈடுசெய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி ஏறத்தாழ 0.1 சதவீதப் புள்ளி குறைவது தெரிந்தது. சிறிய பயன்தான், ஆனாலும் பயன். ஒன்றைக் குறைத்து அதன் இடத்தில் இன்னொன்றை வைப்பதால் கிடைப்பது அது. மூன்று தட்டுச் சோற்றின் மேல் எண்ணெயை ஊற்றிக்கொள்வதால் கிடைப்பதன்று. தேங்காய் எண்ணெயையும் இதே பலகையின் கீழ் அடுக்கி வைப்பவர்கள், அதன் கொழுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது, அதாவது மேலே சொன்ன வகைக்கு மாறானது, என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

(எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதால் எண்ணெயில் சர்க்கரை இருக்குமோ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை எண்ணெயில் கரையாது. அது புண்ணாக்கோடு போய்விடும். இதையாவது நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.)

மருந்துகள், மாய நிவாரணங்கள் குறித்த 1954-ஆம் ஆண்டு விளம்பரச் சட்டம், நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று தரும் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. புகார் கொடுக்கும் எண்ணத்தில் இதை நினைவூட்டவில்லை. உங்களில் பலர் அறியாமலே மாட்டியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பலகையை எடுத்துவிட்டு, என்று ஆட்டியது, எந்த வித்து, வேறு எண்ணெய் கலந்ததா என்பதை எழுதி வையுங்கள். சர்க்கரைக்கு என்று கேட்டு வருபவரிடம், மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றும், வீட்டில் பாமாயில் ஊற்றும் இடத்தில் இதை அளவோடு ஊற்றலாம் என்றும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். புதுப் பலகைக்கு ஆகும் செலவு ஒரு தடையென்றால் நான் எழுதித் தருகிறேன்.

புண் ஆறி, மாமா மீண்டும் மாத்திரை எடுக்கிறார். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெயை இன்னமும் அதே கடையில்தான் வாங்குகிறார். பலகையும் அங்கேயே தொங்குகிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்,
மதுரை