மகளே, சொல்லைத் தனியாகப் படிக்காதே

சார்செல்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தொலைபேசியில் பேசிவிடலாமே என்றாள் அம்மா. ஆனால் இலக்கணப் பிழை இல்லாத உன் ஆங்கிலம் ஏன் அங்கே இயல்பாக ஒலிப்பதில்லை, இனி என்ன செய்வது என்று நீ கேட்டிருப்பது காதில் விழுந்தவுடன் மறந்துபோகும் விஷயம் அன்று. பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய ஒன்று என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கணக்கியல் தேர்வின் ஒரு தாளை எழுதிவிட்டு, மறுநாள் மான்செஸ்டர் அலுவலகத்தில் 'ஐ பாஸ்ட் தி எக்ஸாம்' என்று நீ சொன்னதும், உடன் வேலை செய்பவர்கள் கைகுலுக்கி வாழ்த்தி, மாலைக்குள் கேக்கும் வாங்கி வைத்துவிட்டார்கள் என்பதையும், முடிவு வர இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று அவர்கள் நடுவில் நின்று நீ விளக்க நேர்ந்ததையும் படித்தபோது என் மனம் கனத்தது. பிரெஞ்சில் 'பாஸே அன் எக்ஸாமென்' என்றால் தேர்வு எழுதுவது மட்டுமே. தேறினாயா இல்லையா என்பது வேறு பேச்சு. ஆங்கிலத்தில் 'பாஸ்' என்றாலே தேறியாயிற்று. எழுதுவதற்கு அங்கே 'சிட்' அல்லது 'டேக்' வர வேண்டும். நீ அறியாமையால் தவறவில்லை. பள்ளியில் முதல் வகுப்பு முதல் நீ பழகிய மொழி, உன் நாக்கில் தானாக வந்து அமர்ந்துகொண்டது.

உன் அறிக்கையின் ஓரத்தில் மேலாளர் எழுதிய குறிப்புதான் உன்னை அதைவிட வருத்தியிருக்கிறது என்று தெரிகிறது. இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் நாங்கள் இப்படிச் சொல்வதில்லை என்று ஒருவர் எழுதினால், எதைத் திருத்துவது என்றே விளங்காதுதான். இத்தனை ஆண்டுகள் ஆங்கிலம் படித்தது வீணா என்று கேட்டிருக்கிறாய். வீண் இல்லை. உனக்குக் குறைவது இலக்கணமும் இல்லை, சொல்வளமும் இல்லை. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்ற பழக்கம் மட்டுமே குறைகிறது. அதில் என் பங்கும் உண்டு. இருபத்தேழு ஆண்டுகள் பாரிஸின் இந்தப் புறநகர்ப் பள்ளியில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த நான், முதல் பத்து ஆண்டுகள் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் பிரெஞ்சுச் சொல்லையும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் எழுதி, மனப்பாடம் செய்யச் சொன்னேன். உனக்கும் வீட்டில் அதே முறையில்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கோடுதான் உன்னை இன்று மான்செஸ்டரில் தடுக்குகிறது.

'செய்' என்று பொருள்படும் 'ஃபேர்' என்ற ஒரே பிரெஞ்சு வினையை எடுத்துக்கொள். பிரெஞ்சில் பிழையையும் அதைக் கொண்டுதான் செய்கிறோம், வீட்டுப்பாடத்தையும் அதைக் கொண்டுதான் செய்கிறோம், கனவு காண்பதும் உலாவப் போவதும் கவனமாக இருப்பதும் வரிசையில் நிற்பதும் எல்லாம் 'ஃபேர்'தான். அதன் வலப்பக்கம் 'மேக்' அல்லது 'டூ' என்று நான் எழுதிவைத்தேன். ஆனால் ஆங்கிலக்காரருக்குப் பிழை என்றால் 'மேக்', வீட்டுப்பாடம் என்றால் 'டூ', கனவு என்றால் 'ஹேவ்', உலாவுவது என்றால் 'கோ ஃபார்', கவனம் என்றால் 'பே'. எதற்கு எது வரும் என்பதற்கு விதி சொல்ல நானும் முயன்றேன். உருவாக்குவதற்கு 'மேக்', நிகழ்த்துவதற்கு 'டூ' என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த வரியிலேயே அது உடைந்தது. பிழையை யார் உருவாக்க நினைக்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ள நீ வெகுதூரம் போக வேண்டாம். அம்மா காலையில் எழுந்ததும் சொல்வதைக் கேட்டிருக்கிறாய். டீ போட வேண்டும், மாத்திரை போட வேண்டும், வாசலில் கோலம் போட வேண்டும். ஆயா வெற்றிலை போட்டார், நீயும் தம்பியும் சண்டை போட்டீர்கள், நான் மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட்டேன். இத்தனைக்கும் ஒரே 'போடு'. ஒரு பிரெஞ்சுக்காரர் தமிழ் கற்க வந்து, கோலத்தை ஏன் போடுகிறீர்கள், வரையக் கூடாதா என்று கேட்டால் நீ என்ன காரணம் சொல்வாய்? வழக்கம் அப்படி என்றுதானே சொல்வாய்? உன் மேலாளரும் அதைத்தான் எழுதியிருக்கிறார்.

நம் முன்னோர் இதற்கு மரபு என்றே பெயர் வைத்தார்கள். எந்தப் பொருளை எந்தச் சொல்லால் உயர்ந்தோர் வழங்கினார்களோ அந்தச் சொல்லாலேயே வழங்குவது மரபு என்று நன்னூல் சொல்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதை வரிசையாகச் சொல்லி, எந்த உயிருக்கு எது வரும் என்றும் கூறுகிறது. புதுச்சேரியில் எங்கள் தமிழாசிரியர் வினைமரபு என்று ஒரு பக்கம் முழுவதும் எழுதவைப்பார்: கூடை முடைந்தான், பானை வனைந்தான், கூரை வேய்ந்தான், பூக் கொய்தாள். பானையைச் 'செய்தான்' என்று எழுதினால் பொருள் விளங்கத்தான் செய்யும். ஆனாலும் அவர் சிவப்பு மையால் சுழிப்பார். ஆங்கில ஆசிரியர்கள் சொற்சேர்க்கை என்று தனிப்பாடமாக நடத்துவது இதைத்தான். நம் வீட்டில் வெகுகாலமாக இருந்த அந்தப் பாடத்தை, நான் உனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது ஒருநாளும் எடுத்துச் சொல்லவில்லை.

பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு இது ஏன் கூடுதல் துன்பம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1066-ல் பிரெஞ்சு பேசிய நார்மாண்டியின் பிரபு இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, பல நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. ஆகவே ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தவுடன் 'டிசிஷன்', 'எஃபர்ட்', 'ப்ராமிஸ்', 'விசிட்' என்று தெரிந்த முகங்களே உனக்குத் தென்படுகின்றன. ஆனால் அந்தச் சொற்கள் புகுந்த வீட்டில் அன்றாட வேலை செய்யும் வினைகள் பெரும்பாலும் அந்த வீட்டுக்கே உரியவை: 'மேக்', 'டூ', 'கீப்', 'ஹேவ்' எல்லாம் பழைய ஆங்கிலச் சொற்கள், 'டேக்' வைக்கிங் என்ற வடகடலோடிகளிடமிருந்து வந்தது. பெயர்ச்சொல் நம் ஊர்ப் பெண். அவள் மணந்திருப்பதோ வேற்றூர் வினையை. நாம் பழைய உறவை நினைத்துக்கொண்டு பிறந்த வீட்டு வினையோடு அவளைச் சேர்த்து அழைக்கிறோம். ('பே' மட்டும் பிரெஞ்சிலிருந்தே போனது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) தோற்றம் ஒன்றாக இருந்து பொருளில் ஏமாற்றும் சொற்களுக்குப் போலி நண்பர்கள் என்று 1928-ல் கெஸ்லர், தெரோக்கிஞி என்ற இருவர் ஒரு நூலில் பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர் இங்கே ஒவ்வொரு வகுப்பறையிலும் வழங்குகிறது. நீ தடுக்குவதோ பெரும்பாலும் உண்மையான நண்பர்களிடத்தில். 'டிசிஷன்' உண்மையான நண்பன்தான். பிரெஞ்சில் அதை எடுக்கிறோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'மேக்' செய்கிறார்கள்.

'கான்யே' என்ற வினையை நான் பிற்காலத்தில் ஒரு வாரம் முழுவதும் நடத்துவதுண்டு. பணத்தை, ஆட்டத்தை, நேரத்தை எல்லாம் பிரெஞ்சில் ஒரே சொல்லால் 'கான்யே' செய்கிறோம். ஆங்கிலத்திலோ பணத்தை 'எர்ன்', ஆட்டத்தை 'வின்', நேரத்தைச் 'சேவ்' செய்ய வேண்டும். என் மாணவர்கள் நேரத்தை 'வின்' செய்துவிட்டதாக எழுதிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, உனக்கு இருக்கிறது. தமிழில் பணத்தைச் சம்பாதிக்கிறோம், ஆட்டத்தில் வெல்கிறோம், நேரத்தை மிச்சப்படுத்துகிறோம். ஆங்கிலம் எங்கே பிரிக்கிறதோ அங்கேயே தமிழும் பிரிக்கிறது. இதை முதலில் கண்டபோது நான் வகுப்பறையில் சிறிது நேரம் பேசாமல் நின்றேன்.

இன்னும் இருக்கின்றன. கவனத்தைப் பிரெஞ்சுக்காரர் கடனாகக் கொடுக்கிறார், 'ப்ரெத்தே' என்று. ஆங்கிலக்காரர் கட்டணம் போல் கட்டுகிறார். நாமும் கவனம் செலுத்துகிறோம், கட்டணத்தைச் செலுத்துவது போலவே. பெரிய மழையைப் பிரெஞ்சில் வலிமையானது என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'ஹெவி', தமிழில் கனமழை. கொடுத்த வாக்கைப் பிரெஞ்சில் பிடித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் 'கீப்', தமிழில் காப்பாற்றுகிறோம். கேள்வியைப் பிரெஞ்சில் வைக்கிறோம். ஆங்கிலத்திலும் தமிழிலும் கேட்கிறோம். எல்லா இடத்திலும் இப்படி அமையாது. முடிவை நாமும் பிரெஞ்சுக்காரரைப் போல எடுக்கத்தான் செய்கிறோம். ஆனாலும் பிரெஞ்சு ஒரு வழியில் இழுக்கும்போது, தமிழில் இதை எப்படிச் சொல்வோம் என்று ஒரு கணம் நின்று பார். விடை கிடைக்காவிட்டாலும், பிரெஞ்சின் வழி ஒன்றே வழி இல்லை என்பது அந்தக் கணத்தில் நினைவுக்கு வரும். அதுவே பாதித் திருத்தம்.

வினையடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ அனுப்பிய இரண்டு பக்கங்களில் 'கம்ப்ளீட்லி' ஏழு முறை வருகிறது. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் சில்வியான் கிராஞ்சே என்ற பேராசிரியர், பிரெஞ்சு பேசும் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை ஆங்கிலேயர் எழுதியவற்றோடு ஒப்பிட்டு 1998-ல் வெளியிட்ட ஆய்வில் இதே போக்கைக் காட்டியிருக்கிறார். 'கம்ப்ளீட்லி', 'டோட்டலி' இரண்டையும் அவர்கள் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள். 'ஹைலி'யைக் குறைவாகவே தொடுகிறார்கள். முதல் இரண்டும் பிரெஞ்சில் அப்படியே இருப்பதால் கை தானாக அங்கே போகிறது. குளிருக்கு 'பிட்டர்லி', நிகழக்கூடியதற்கு 'ஹைலி', வருத்தத்துக்கு 'டீப்லி' என்று ஒவ்வொன்றுக்கும் தனித்துணை இருப்பதை நீ கேட்டுத்தான் பழக வேண்டும். நாம் கடுங்குளிர் என்றும் கும்மிருட்டு என்றும் சொல்கிறோம். கும்மென்ற குளிர் என்று யாரும் சொல்வதில்லை.

இனி என்ன செய்வது என்று கேட்டாய். ஹரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் 1902 முதல் பெல்ஜியத்தின் வெர்வியே நகரில், நம்மைப் போலப் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார். முதல் உலகப் போர் வந்து அந்த ஊரை விட்டுப் போக நேர்ந்தது. பின்னர் ஜப்பானில் இருந்தபோது, 1933-ல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டார். துண்டுகளை ஒட்டித் தொடரை உண்டாக்காதே, தொடரை முழுதாகவே கற்றுக்கொள் என்பதே அவர் கருத்தின் சாரம். இதைப் படித்த பிறகுதான் கரும்பலகையில் நான் போட்ட கோட்டை அழித்தேன். ஆகவே ஒரு குறிப்பேடு வாங்கு. பெயர்ச்சொல்லைத் தலைப்பாக எழுது. அதனுடன் வரும் வினையையும் அடைமொழியையும் கீழே எழுது. நீ உண்மையாகவே கேட்ட அல்லது படித்த ஒரு முழு வாக்கியத்தையும் சேர்த்து எழுது. பிரெஞ்சுப் பொருளை எழுதாதே. சொற்சேர்க்கைக்கென்றே ஆக்ஸ்போர்டு 2002-ல் வெளியிட்ட அகராதியிலும் பெயர்ச்சொல்லைத் தேடினால் அதன் துணைகள் கிடைக்கும். அறிக்கை எழுதும்போது அது மேசையில் இருக்கட்டும். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், ஆனால் அந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்.

எல்லாவற்றையும் சந்தேகிக்கவும் வேண்டாம். அஞ்சிப்போன என் மாணவி ஒருத்தி, பிரெஞ்சில் 'எடுப்பது' என்பதாலேயே புகைப்படத்தையும் 'மேக்' செய்தாள். புகைப்படத்துக்கும் ரயிலுக்கும் இரண்டு மொழியிலும் 'எடு'தான். முயற்சிக்கும் 'ஃபேர்' போலவே 'மேக்'தான். எடுத்துக்காட்டைக் கொடுப்பதும் மௌனத்தை உடைப்பதும் இரண்டிலும் ஒன்றே. ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் எச்சரிக்கையாக இரு: மின்னஞ்சலில் யாரிடமும் எதையும் 'டிமாண்ட்' செய்யாதே. பிரெஞ்சில் வெறுமனே கேட்பதைக் குறிக்கும் அந்தச் சொல் ஆங்கிலத்தில் அதட்டலாக ஒலிக்கும். எதிரில் இருப்பவர் காயப்பட்டதுகூட உனக்குத் தெரியாமல் போகும்.

உனக்கு ஆறு வயதில், புதுச்சேரியில் இருந்த ஆயாவிடம் தொலைபேசியில், 'நான் குளியல் எடுத்தேன்' என்று சொன்னாய். அது பிரெஞ்சு வாக்கியம்; சொற்கள் மட்டும் தமிழ். எனக்குச் சுருக்கென்றது, திருத்த வாயெடுத்தேன். ஆயா அதற்குள், 'குளிச்சிட்டியா கண்ணு, வெந்நீர்லயா குளிச்ச?' என்று கேட்டார். 'ஆமா ஆயா, வெந்நீர்ல குளிச்சேன்' என்றாய் நீ. அதற்குப் பிறகு ஒருமுறைகூட நீ குளியலை எடுக்கவில்லை. மேலாளரிடம் கேள், ஓரத்தில் குறிப்பு எழுதுவதோடு, அந்த வாக்கியத்தை அவர் எப்படிச் சொல்வார் என்று ஒருமுறை வாயால் சொல்லச் சொல். கேட்க வெட்கப்படாதே, நல்ல மனிதர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

என் பழைய குறிப்பேடுகளில் இரண்டை நாளை தபாலில் அனுப்புகிறேன். 'கான்யே' பக்கம் நீல அட்டை போட்டதில் இருக்கிறது; ஓரங்களில் மாணவர்கள் எழுதிய வாக்கியங்களையும் விட்டுவைத்திருக்கிறேன். அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள். ஒரு பாட்டில் அதோடு வருகிறது. தேர்வு முடிவு வந்ததும் எழுது.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா