11 நாள் திறக்கப்படாத மின்னஞ்சலுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் தரவுக் கசிவின்போது உடன் நின்ற அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் நிறுவனத்தின் பேக்கப் (காப்புப் பிரதி) கோப்பு ஒன்று வெளியார் கைக்குப் போய்விட்டதைப் பயனர்களுக்கு முறைப்படி அறிவித்து, விசாரணையும் முடிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்டாயிற்று. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் தங்கள் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைக் கொண்டு அவரவர் தம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, முகம் அறியாத அந்தப் பாதுகாப்பு ஆய்வாளருக்கு. எங்கள் கிளவுட் சேமிப்பகத்தின் அணுகல் சாவி (கடவுச்சொல் போன்ற ரகசிய எழுத்துத் தொடர்) பொதுவெளியில் கிடக்கிறது, தாம் எதையும் பதிவிறக்கவில்லை, உடனே மாற்றிவிடுங்கள் என்று மூன்றே வரிகளில் அவர் எழுதிய மின்னஞ்சல், வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு வந்து, விளம்பரக் கடிதங்களோடு ஒதுக்கப்பட்டு, 11 நாள் திறக்கப்படாமல் கிடந்தது. இல்லாத ஓட்டையைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் கேட்பவர்கள் அந்த முகவரிக்கு அடிக்கடி எழுதுவார்கள் என்பது எங்கள் தரப்புச் சாக்கு. ஆனால் இவர் பணம் கேட்கவில்லை. சாவியின் கடைசி 4 எழுத்துகளைச் சான்றாகக் குறிப்பிட்டிருந்தார். திறந்து படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை விளங்கியிருக்கும். பதில் வராத கோபத்தில் ஊரறியச் சொல்லிவிடாமல் அவர் மறுபடியும் எழுதினார், பிறகும் எழுதினார். அந்த மூன்றாவது கடிதத்தைத்தான் நாங்கள் படித்தோம்.

சாவி வெளியே போன விதத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குள் பயன்படுத்திவந்த சிறு நிரல் ஒன்றை, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று பொதுவில் திறந்துவைத்தோம். அதிலிருந்த சாவியை அதற்கு முன்பே அழித்துவிட்டோம் என்ற நிம்மதியும் இருந்தது. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட் என்ற கருவி எதையும் மறப்பதில்லை: இன்றைய பிரதியில் இல்லாத வரி, பழைய கமிட் (சேமித்த மாற்றம்) ஒன்றில் எழுத்து மாறாமல் இருக்கும். அப்படிப்பட்ட வரிகளைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவுபகலாக இணையத்தைத் துழாவிக்கொண்டிருக்கின்றன. ஒரு முறை வெளியே தெரிந்த சாவியை அழித்துப் பயனில்லை; அதைச் செல்லாததாக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும். இது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். தெரிந்தும் செய்யவில்லை.

அடுத்த நன்றி, பணியில் சேர்ந்து 3 மாதமே ஆகியிருந்த எங்கள் இளம் பொறியாளருக்கு. செய்தி தெரிந்த அன்று மாலை, என்னையும் சேர்த்து மூத்தவர்கள் எல்லோருக்கும் தோன்றிய முதல் யோசனை, சர்வர் முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. சாவியை இப்போதே மாற்றுங்கள், ஆனால் லாகுகளை (யார் எப்போது எதை அணுகினார்கள் என்ற பதிவுகளை) நான் பிரதி எடுத்து முடிக்கும்வரை யாரும் எதையும் தொடாதீர்கள் என்று அவர் குரல் உயர்த்தாமல் சொன்னார். அன்றிரவு அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். எங்கள் பேக்கப் ஒவ்வோர் இரவும் 2 மணிக்குச் சரிபார்க்கப்படும். பல வாரங்களின் பதிவுகளில் ஒரே முகவரி, ஒரே நேரம், ஒரே கோப்பு. அந்த ஒழுங்குக்கு நடுவே ஒரே ஒரு நாள், 2.07 மணிக்கு, அதே கோப்பை வேறொரு ஐபி முகவரி முழுவதுமாக இறக்கியிருந்தது. எங்கள் அவசரப்படி நடந்திருந்தால் அந்த வரியே அழிந்திருக்கும். எது போயிற்று, எது போகவில்லை என்று பயனர்களிடம் ஒரு நாளும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

வெளியிலிருந்து வந்த தடயவியல் குழுவினருக்கு நான் சொல்லும் நன்றியில் கொஞ்சம் வெட்கமும் கலந்திருக்கிறது. கடவுச்சொற்கள் யாவும் பாதுகாப்பாக மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை என்று நாங்கள் எழுதியிருந்த அறிவிப்பு வரைவில், அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றி வட்டமிட்டு அனுப்பினார்கள். மறைகுறியாக்கியதைச் சாவி இருந்தால் மீட்டெடுக்கலாம். கடவுச்சொல்லுக்குப் பதிலாக நாங்கள் சேமித்துவந்த ஹாஷ் என்பது திரும்பி வராத ஒருவழிக் கணக்கு. இரண்டையும் ஒன்றாகச் சொல்வதே தவறு என்றார்கள். அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் அவர்களே எடுத்துக்காட்டினார்கள். நாங்கள் எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையை விட்டு பிகிரிப்ட் என்ற வலுவான முறைக்கு மாறியிருந்தது உண்மைதான். ஆனால் பயனர் அடுத்த முறை உள்நுழையும்போதுதான் அவருடைய பதிவு புதிய முறைக்கு மாறும்படி அமைத்திருந்தோம். திரும்பி வராதவர்களின் கடவுச்சொற்கள் பழைய எம்டி5 வடிவிலேயே கிடந்தன. 1999-இல் வெளிவந்த பிகிரிப்ட், ஊகித்துப் பார்ப்பவரைத் தாமதப்படுத்துவதற்காகவே மெதுவாக இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. எம்டி5-ஐயோ, சாதாரண கிராபிக்ஸ் அட்டை ஒன்றே நொடிக்குப் பல நூறு கோடி முறை கணக்கிட்டுப் பார்த்துவிடும். பழைய ஹாஷ்களின் மேல் பிகிரிப்ட்டை ஒரு போர்வையாகப் போர்த்தியிருந்தால் எவரும் உள்நுழையக் காத்திராமல் ஓரிரு நாளில் வேலை முடிந்திருக்கும். எங்களை மறந்துபோன பயனர்களுக்குத்தான் நாங்கள் அதிகத் தீங்கு செய்தோம் என்பது இன்றும் மனத்தைக் குடைகிறது.

எங்கள் வழக்கறிஞருக்கும் நன்றி. விசாரணை முடிந்தபின் எல்லாவற்றையும் சேர்த்து அறிவிக்கலாம் என்று நாங்கள் இழுத்தபோது, 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறைப்படி, கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், முழு விவரத்தைக் கட்டம் கட்டமாகத் தர அதே விதி இடம் தருகிறது என்றும் எடுத்துக்காட்டி, அன்றே முதல் அறிக்கையை அனுப்பவைத்தார்.

கசிவு அறிவிக்கப்பட்ட வாரத்தில், என் பெயரில் எங்கள் கணக்கருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தடயவியல் கட்டணத்தை அவசரமாக ஒரு புதிய வங்கிக் கணக்குக்கு மாற்றும்படி, நான் எழுதும் பாணியிலேயே எழுதப்பட்டிருந்தது. அவர் பதில் எழுதாமல் என்னைத் தொலைபேசியில் அழைத்து, 'இது நீங்கள் எழுதியதுதானா?' என்று கேட்டார். எந்தத் தொழில்நுட்பமும் தடுக்காத ஒரு திருட்டை அந்த ஒரு கேள்வி தடுத்தது.

ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களைப் பயனர்கள் மீண்டும் வைத்துவிடாதபடி தடுக்க, 2013-இல் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹண்ட் தொடங்கிய, கசிந்த விவரங்களைத் தேடிப் பார்க்க உதவும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' சேவை உதவியது. கடவுச்சொல்லை அனுப்பாமல் அதன் ஹாஷின் முதல் 5 எழுத்துகளை மட்டும் அனுப்பிச் சரிபார்க்க முடிவது, அந்த நேரத்தில் எங்களுக்குப் பேருதவியாக இருந்தது. கோபம் கொண்ட ஒவ்வொருவரிடமும் தவறு எங்களுடையதே என்று சலிக்காமல் சொன்ன சேவைப் பிரிவினருக்கும், கடுமையாகத் திட்டிவிட்டு அதன்பின் கடவுச்சொல்லை மாற்றி இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கிய பயனர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆய்வாளருக்கு நாங்கள் அளிக்க முன்வந்த வெகுமதியை அவர் ஏற்கவில்லை. அடுத்து எழுத வருபவருக்கு முகவரி தெரியும்படி, ஆர்எஃப்சி 9116 என்ற இணைய வரையறை ஆவணம் வகுத்துள்ளவாறு, பாதுகாப்புக் குறைகளை யாருக்கு எழுதுவது என்று சொல்லும் ஒரு செக்யூரிட்டி.டிஎக்ஸ்டி கோப்பை எங்கள் தளத்தில் வைக்கச் சொன்னார், வைத்துவிட்டோம். அதில் குறித்த முகவரிக்கு வருவதை நாள்தோறும் இருவர் படிக்கிறார்கள். அங்கே வந்த முதல் கடிதத்துக்கு 40 நிமிடத்தில் பதில் போயிற்று. அது ஒரு விளம்பரம்தான்.

நன்றியுடன்,
நிறுவனத்தை நடத்துபவர்களுள் ஒருவன்