திருவாரூர் சிறுவர் ஓவிய வகுப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

அவைத்தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, ஞாயிறுதோறும் சட்டையெல்லாம் கலராகப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப் போகும் பெற்றோர்களே, வணக்கம்.

பொங்கல் கோலப்போட்டி, நூலகப் பராமரிப்பு, கண் பரிசோதனை முகாம் மூன்றும் குறைவின்றி நடந்தன. வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனக்குள்ள நேரத்தைச் சிறுவர் ஓவிய வகுப்புக்கே ஒதுக்குகிறேன். இவ்வாண்டு அதிகம் பேச்சு எழுந்ததும் சச்சரவு எழுந்ததும் அதில்தான்.

முன்பெல்லாம் வகுப்பில் என்ன நடந்தது என்பது தெரிந்ததே. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. நம் மாவட்டத்தில் மலையே கிடையாது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. பலகையில் போட்டதைப் பிள்ளைகள் அப்படியே பார்த்துப் போட்டார்கள், போட்டிகளில் பரிசும் வாங்கினார்கள். ஜூன் முதல் அதை நிறுத்தி, 6 முதல் 10 வயது வரையுள்ளவர்களுக்குப் படத்தால் கதை சொல்லப் பழக்கலாம் என்று செயற்குழு முடிவு செய்தது.

அதற்கான பாடம் உள்ளூரிலேயே இருந்தது. தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை பட்டை பட்டையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. காட்சிகளுக்குத் தமிழிலேயே விளக்கமும் உண்டு. தஞ்சை மராட்டியர் காலத்து வேலை. வரைந்தவர் பெயர் சிங்காதனம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அனுமதி பெற்று அழைத்துப் போனோம். கழுத்து வலிக்கிறது என்று பிள்ளைகள் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்கள். நானும் படுத்தேன். எழுப்பிவிடத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டது.

“ராஜா ஏன் சார் திரும்பத் திரும்ப நிக்கிறாரு?” என்று ஒரு பையன் கேட்டான். ஆசிரியர் வாய் திறப்பதற்குள், “இங்கேர்ந்து அங்க போறாருடா” என்றாள் பக்கத்தில் படுத்திருந்த சிறுமி. அவர்தான் இவர் என்று எப்படித் தெரிந்தது? குரங்கு முகம். சிவன்மேல் வில்வ இலைகளை உதிர்த்த குரங்கு, மறுபிறவியில் அரசனானபோதும் அந்த முகத்தையே கேட்டு வாங்கிக்கொண்டது என்பது புராணம். கதை வரைபவனுக்கு அதைவிட வசதி வேறில்லை. எவ்வளவு கூட்டத்திலும் ஆளைத் தேட வேண்டியதில்லை. அடுத்த வாரமே பிள்ளைகள் தத்தம் கதாபாத்திரங்களுக்கு ஒற்றைச் செருப்பு, கிழிந்த குடை, தலைகொள்ளாத பூ என்று மாறாத அடையாளம் வைக்கத் தொடங்கினார்கள். விதானத்தில் வண்ணம் உதிர்ந்துபோன இடங்களில் என்ன நடந்திருக்கும் என்று வரையச் சொன்னோம். ஒருவருடையதைப் போல இன்னொருவருடையது இல்லை.

பிறகு நாலு கட்டத்தில் ஒரு கதை. இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று ஆழித்தேர் வரைந்தது. முதல் கட்டத்தில் தாத்தாவின் விரலைப் பிடித்த பாப்பா. இரண்டாவதில் முழுக்கக் கால்கள். மூன்றாவதில் தேர்வடம் மட்டும். நான்காவதில் பாப்பா தனியாக. விரல் எப்போது நழுவியது என்று கேட்டதற்கு, “அது நடுவுல நடந்துச்சு” என்றது. எல்லாவற்றையும் வரைந்துவிடக் கூடாது என்பதை நாங்கள் அதற்குச் சொல்லித்தரவில்லை. கூட்டத்துக்குள் நிற்கும் குழந்தைக்குத் தேர் தெரியாது, கால்கள்தான் தெரியும் என்பதும் எங்களில் பெரியவர் எவருக்கும் தோன்றியிருக்காது.

இனி சச்சரவு. “போட்டிக்கு அனுப்பாவிட்டால் வகுப்பு எதற்கு?” என்று சில பெற்றோர் கேட்டார்கள், சிலர் பிள்ளைகளை நிறுத்தியும்விட்டார்கள். அவர்கள் வருத்தம் புரிகிறது. சுவரில் மாட்டச் சான்றிதழ் இருந்தது, இப்போது இல்லை. ஆனாலும் முடிவை மாற்ற நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் அம்மா திருத்திய படங்கள் வகுப்புக்கு வருவதும் நிற்கவில்லை. ஆறு வயதுக் குழந்தை வீட்டைவிட அம்மாவைப் பெரிதாக வரைந்தால் அதற்குக் காரணம் உண்டு. அளவு சரியில்லை என்று அழிக்க வேண்டாம். அம்மாக்கள் அதிலாவது மகிழலாம். பெற்றோர் பென்சிலைத் தொடக் கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அப்பாக்களுக்கும் இது பொருந்தும்.

மழைக்காலத்தில் கூரை ஒழுகி சார்ட் பேப்பர் கட்டு ஒன்று நனைந்து வீணானது. கூரை ஓடுகளை மாற்றியாயிற்று.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேண்டுகோள்கள். கிரேயானோடு வாட்டர் கலரும் பிரஷும் வாங்க நிதி வேண்டும். பிள்ளைகளின் கதைகளைத் தைத்து நூலகத்தில் தனி அலமாரியில் வைக்க இடம் வேண்டும். சிங்காதனம் செய்ததுபோல ஒவ்வொருவரும் தம் பெயரை எழுதியே ஆக வேண்டும் என்பது ஆசிரியரின் நிபந்தனை. இவற்றுக்கு ஒப்புதல் அளித்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்