பார்வையற்ற தொழிலாளிக்கு மட்டும் ஏன் இல்ல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். அமெரிக்கால வேலை போனா கொஞ்ச நாளைக்கு உதவித்தொகை வரும்னு நமக்கெல்லாம் தெரியும், ஆனா பார்வையற்றவங்களுக்குன்னு இருக்கிற தனி தொழிற்கூடங்கள்ல வேலை பாக்குற பல பேருக்கு அது கிடைக்காமலே போகலாம். வெளி மார்க்கெட்ல சுலபமா வேலை கிடைக்காதவங்க, மறுவாழ்வுக்காக செய்யுற வேலைன்னு காரணம் சொல்லி, அவங்கள அந்த உதவித்தொகைக்கான இன்ஷூரன்ஸ்ல சேர்க்காம விட மாநிலங்களுக்கு ஃபெடரல் சட்டமே, அதாவது மத்திய அரசு சட்டமே, வழி விட்டிருக்கு. அதே கூடத்துல பக்கத்துல நிக்கிற சூப்பர்வைசரை இந்தக் காரணம் சொல்லி விட்டுட முடியாது, இதுதான் எனக்கு தாங்கல.

பார்வையற்றவங்க செய்யுற பொருள அரசு வாங்கணும்னு 1938-ல வந்த சட்டத்துல இருந்து துடைப்பம், மாப்புன்னு செஞ்சு கவர்மெண்ட்டுக்கு குடுத்தவங்க இவங்க, அங்க அரசு ஆபீஸ் மேஜையில கிடக்கிற ஸ்கில்கிராஃப்ட் பேனாவுல ஸ்பிரிங், ரீஃபில்லை விரலால தடவிப் பாத்து கோத்தவங்களும் இவங்கதான். ஆர்டர் நின்னா சம்பளம் நின்னுடுது, வாடகை நிக்குமா? இதுல குறைஞ்சபட்ச கூலிக்கும் கீழ குடுக்க இன்னொரு சட்டம் வேற, அதுவும் 1938-ல வந்தது, அப்படி வாங்குறவங்க கையில சேமிப்பு எங்க இருந்து இருக்கும்?

சேர்க்கக் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் சொல்லல, மாநிலங்கள் நெனச்சா தாராளமா சேர்க்கலாம், உடனே சேர்க்கணும்.

- ஒரு வாசகர்