நீ விட்டுச்சென்ற பெட்டியைப் பற்றி

விசுவமடு,
2023 ஆவணி

அன்பின் நண்பனுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தையும் வீட்டாரின் நலத்தையும் அறிய ஆவல். சிறுபோக அறுவடை முடியும் தறுவாயில் இருக்கிறது. மூத்தவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வீட்டிலுள்ள ஒரேயொரு மடிக்கணினி இப்போது முழுக்க அவளுக்கே உரியது. அதனால்தான், நீ பத்து வருடத்துக்கு முன் இங்கே வைத்துவிட்டுப் போன அந்தக் கறுத்த எக்ஸ்பொக்ஸ் பெட்டியை மறுபடியும் வெளியே எடுத்தேன். அதைக்கொண்டு ஊராரின் பழைய கலியாண இறுவட்டுகளைச் சுருக்கிக் கொடுக்கிறேன்; அதை உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று பல நாளாக எண்ணியிருந்தேன். கடிதத்தின் முடிவில் உன்னிடம் ஒரு உதவியும் கேட்கப்போகிறேன்.

2001 நவம்பரில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட விளையாட்டுப் பெட்டி அது. உள்ளே இருப்பது 733 மெகாஹேர்ட்ஸ் வேகமுடைய, பென்ரியம் 3 வகையைச் சேர்ந்த இன்டெல் செயலி. நினைவகம் 64 மெகாபைட் மட்டுமே, அதையும் படம் வரையும் சில்லோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ரொறன்ரோவில் இருந்தபோது நீ அதன் பூட்டை மீறும் சில்லு ஒன்றைப் பொருத்தி, பூட்டிய வன்தட்டைக் கழற்றி 120 கிகாபைட் வன்தட்டு மாட்டி, லினக்ஸ் இயங்குதளம் ஏற்றித் தந்திராவிட்டால் அது இன்று வெறும் பெட்டிதான். கனடாவின் 120 வோல்ட் மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டதை இங்குள்ள 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக்கூடாது என்று ஒட்டுத்தாளில் எழுதி மேலே ஒட்டியிருந்தாயே, அந்தத் தாள் இன்னும் கிழியாமல் இருக்கிறது. கிளிநொச்சியில் ஒரு மின்மாற்றி வாங்கி அதனூடாகவே ஓட்டுகிறேன். திறந்து பார்த்தபோது, ஆரம்பகாலப் பலகைகளில் மணிக்கூட்டுக்கென்று வைத்த சிறிய மின்தேக்கி கசிந்து, சுற்றியுள்ள செப்புக் கோடுகளைப் பச்சையாக்கத் தொடங்கியிருந்தது. அதைக் கழற்றித் துடைத்துவிட்டேன். மின்சாரம் நின்றால் நேரத்தை மறந்துவிடுகிறது என்பதைத் தவிர வேறு குறையில்லை.

இங்குள்ள வீடுகளில் சமாதான காலத்து இறுவட்டுகள் இன்னும் இருக்கின்றன. 2002க்கும் 2006க்கும் இடையில் போர்நிறுத்தத்தால் ஏ9 பாதை திறந்திருந்தபோது நடந்த கலியாணங்கள், சாமத்திய வீடுகள், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன குடும்பத்தார் எடுத்த படங்கள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. சிலர் இடம்பெயர்ந்த வழியெல்லாம் அவற்றைச் சட்டைப்பையில் சுமந்து வந்தார்கள். சிலருடையவை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிய பிரதிகளாக மட்டும் எஞ்சித் திரும்பி வந்தன. எழுதப்பட்ட இறுவட்டின் சாயம் காலத்தோடு கெடும் என்பது உனக்குத் தெரியும். இந்த வெக்கையில் இன்னும் விரைவாகக் கெடுகிறது. இப்போது இந்த வீடுகளில் இறுவட்டு இயக்கியே இல்லை. கைபேசியில் பார்க்கவும் உங்கள் பக்கம் இணையத்தில் அனுப்பவும் கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். 4.7 கிகாபைட் கொள்ளும் டிவிடி வட்டை அப்படியே அனுப்ப இங்குள்ள இணையப் பொதி எவருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே சுருக்கத்தான் வேண்டும்.

தொடக்கத்தில் நான் செய்தது, 700 மெகாபைட்டுக்குள் ஒரு படத்தை அடக்கும் பழைய வழக்கம். சீடி வட்டின் அளவு அது என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு காரணமில்லை. தொண்ணூறு நிமிடப் படத்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ 1060 கிலோபிட் இடம் வரும்; ஒலிக்கு 128ஐக் கழித்தால் படத்துக்கு 930 மிஞ்சும். நிறைய எழுதப்பட்ட ஒரு வட்டில் அதே படம் விநாடிக்கு 7000 கிலோபிட் அளவில் இருக்கிறது. எம்என்கோடர், எக்ஸ்விட் என்ற சுருக்கும் நிரல்கள் இந்த வேலையைச் செய்தன. இந்தப் பெட்டி விநாடிக்குப் பத்துச் சட்டகம், அதாவது பத்துத் தனிப்படம், அளவில்தான் சுருக்குகிறது. தொண்ணூறு நிமிடத்தில் 1,35,000 சட்டகங்கள், அதாவது படம் முழுவதையும் ஒரு தரம் கடக்கும் ஒரு நடைக்கு மூன்றே முக்கால் மணி நேரம், இரண்டு நடைக்கு ஏழரை மணி நேரம். இரவு படுக்கப் போகும்போது தொடங்கிவிட்டால் விடிய முடிந்திருக்கும்.

அப்படிச் சுருக்கிய முதலாவது கலியாணப் படத்தை அந்த வீட்டாருக்குப் போட்டுக் காட்டியபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. சுருக்கும் நிரல், முந்திய சட்டகத்தில் இருந்ததையே அடுத்ததிலும் எடுத்துக்கொண்டு, மாறியதை மட்டும் எழுதி இடத்தை மிச்சப்படுத்துகிறது. தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பார். கெட்டிமேளம் கொட்டுகிறது, நூறு கைகள் பூவும் அட்சதையும் எறிகின்றன, புகைப்படக்காரரின் வெளிச்சம் மின்னி மின்னி அணைகிறது. ஒவ்வொரு மின்னலிலும் முழுப் படமும் மாறிவிடுவதால், முந்தியதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இருப்பதில்லை. ஆகவே முழுக் கலியாணத்திலும் எந்த நிமிடத்தைப் பார்க்க வீட்டார் காத்திருக்கிறார்களோ, அந்த நிமிடமே கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. மணமகளின் முகம் பதினாறுக்குப் பதினாறு சதுரங்களாக நின்றதைப் பார்த்து அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அந்தச் சதுரங்களை நான்தான் உண்டாக்கினேன் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லி, வட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கதிரைகளில் அமைதியாக இருப்பவர்கள்மேல் ஒளிப்படக் கருவி மெதுவாக நகரும் இடங்களில், இங்கே அசைவில்லை, குறைவாகக் கொடுத்தால் போதும் என்று நிரல் முடிவு செய்கிறது. பின்வரிசை முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழுக்கிப் போகின்றன. ஆனால் வீட்டார் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது அந்தப் பின்வரிசையைத்தான். அதில் இருப்பவர்களில் எத்தனை பேர் இப்போது இல்லை என்பதை நான் உனக்கு எழுதத் தேவையில்லை. வேறு படமே இல்லாத ஒருவரின் முகம் நான்கு விநாடிக்கு வந்துபோகிறது. அந்த நான்கு விநாடிக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதை ஒரு நிரலிடம் விடுவது சரியல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வழியைக் காட்டியது மின்வெட்டுத்தான். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரைக்கும் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது ஏழரை மணி நேர வேலை எதுவும் முடியவில்லை. ஆறாவது மணியில் நின்றால் ஆறு மணியும் வீண். ஆகவே படத்தை அத்தியாயங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியே சுருக்கத் தொடங்கினேன். நின்றாலும் ஒரு துண்டுதான் போகும். அப்படிச் செய்தபோதுதான், ஒவ்வொரு துண்டுக்கும் வேறு வேறு அளவு கொடுக்கலாம் என்பது எனக்குத் தெளிந்தது. இப்போது வட்டைக் கொண்டுவருபவரோடு முதலில் முழுவதையும் இருந்து பார்க்கிறேன். யார் வரும் இடம் முக்கியம், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அவர்களே சொல்கிறார்கள், நான் கொப்பியில் நிமிடத்தைக் குறித்துக்கொள்கிறேன். தாலி கட்டுவதற்கு 4000 கிலோபிட், பின்வரிசைக்கு 2500, மண்டப வாசலில் வாழைமரத்தையும் தோரணத்தையும் பத்து நிமிடம் சுற்றிச் சுற்றி எடுத்ததற்கு 600. ஒலியை மட்டும் துண்டாக்காமல் முழுதாகத் தனியே சுருக்குகிறேன். இல்லாவிட்டால் ஒட்டும் இடங்களில் உதடும் சொல்லும் விலகிப்போகும். முடிவில் வரும் கோப்பு 1400 மெகாபைட் அளவில் இருந்தாலும், எவரும் அது பெரிது என்று முறையிட்டதில்லை.

அந்தக் காலத்து ஒளிப்படக் கருவிகள் ஒன்றைவிட்டு ஒரு வரியாக எடுத்தவை என்பதால், ஐம்பதில் ஒரு விநாடி இடைவெளியுள்ள இரண்டு பாதிப்படங்கள் ஒரு சட்டகத்தில் கிடக்கின்றன. தவில்காரரின் விரல்களை நிறுத்திப் பார்த்தால் சீப்பின் பற்கள் போலத் தெரியும். அதைச் சீர்செய்தபின் சுருக்கினால்தான் கைபேசியில் ஒழுங்காக ஓடும். இந்தப் பெட்டிக்கு அது மேலதிக சுமைதான், ஆனாலும் விரல்கள் விரல்களாகத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, வட்டை இருக்கிறபடியே வன்தட்டில் படியெடுத்துவிடுகிறேன். நேரடியாக வட்டிலிருந்து சுருக்கினால், இரண்டு நடையிலும் வாசிப்பான் அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், கெட்ட இடத்தில் நிரலும் நின்றுவிடும். டிடிரெஸ்கியூ என்ற நிரல் முதலில் நல்ல பகுதிகளை எடுத்துக்கொண்டு, 2048 பைட் கொண்ட துண்டுகளில் எவை கிடைக்கவில்லை என்று ஒரு கோப்பில் குறித்துவைத்து, பிறகு அவற்றிடம் திரும்பித் திரும்பிப் போகிறது. உன் பெட்டியில் சம்சுங் வாசிப்பான் இருந்தது எங்கள் நல்ல காலம்; தொம்சன் வாசிப்பான் வந்த பெட்டிகள் எழுதிய வட்டுகளைக் கண்டால் தடுமாறும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய்.

இனி உதவியைக் கேட்கிறேன். பக்கத்து வளவிலுள்ள அக்காவின் கலியாண வட்டு என்னிடம் இருக்கிறது. 2005 இல் மல்லாவியில் நடந்தது. வட்டு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எழுதப்படுவதால் படத்தின் முடிவு வெளி விளிம்பில் இருக்கிறது; சாயம் முதலில் வெளிறுவதும் விரல் படுவதும் அங்கேதான். அந்த வட்டில் கடைசி ஏழு நிமிடம் கிடைக்கவில்லை. அது பந்தி நடந்த நேரம். அவருடைய தம்பி சாம்பார் வாளியோடு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வருவது அதில் இருக்கிறது என்று அக்கா சொல்கிறார், படத்தில் தம்பி வேறெங்கும் வரவில்லை. மூன்று இரவுகள் அந்த விளிம்பைத் திரும்பத் திரும்பப் படிக்க விட்டேன். வாழையிலையின் ஒரு மூலையும் யாரோ ஒருவரின் முழங்கையும் மட்டும் வந்தன.

அதே வட்டின் இன்னொரு பிரதி ஸ்காபரோவில் அவருடைய பெரியம்மாவின் வீட்டில் இருக்கிறதாம். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து எழுதப்பட்டவையானால், துண்டுகள் ஒரே இடத்தில்தான் இருக்கும். அதைப் போட்டு, குறித்துவைத்த கோப்பைக் கொடுத்தால், விடுபட்ட இடங்களை மட்டும் டிடிரெஸ்கியூ அதிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். அதிலும் சில இடம் கெட்டிருக்கலாம், ஆனால் இரண்டும் சரியாக ஒரே இடத்தில் கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. முகவரியை அக்காவிடம் வாங்கித் தொலைபேசியில் சொல்கிறேன். நீ நேரில் போய் வாங்கினால் நல்லது. துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும், சுற்றித் துடைக்கக்கூடாது. மேற்புறத்தில் பேனாவால் எதையும் எழுத விடாதே. தபாலில் அனுப்ப வேண்டாம். மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வருபவர் எவராவது இருந்தால், கைப்பையில் வைத்துக் கொண்டுவரச் சொல். அதுவரைக்கும் முதல் பிரதியின் கோப்பை வன்தட்டில் அப்படியே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்