புறாத்தீவில் அம்மாவின் கையைப் பிடித்த தம்பிக்கு

போன சனிக்கிழமை நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு எங்களோடு வள்ளத்தில் வந்த தம்பிக்கு இந்த நன்றி. பெயர் கேட்க மறந்துபோனேன்.

கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். ஆனால் திருகோணமலையிலேயே பிறந்த அம்மா, சண்டைக் காலம் முழுக்க அந்தத் தீவைத் தூரத்தில் நின்று பார்த்தவ. இப்போது 71 வயது, முழங்கால் வருத்தம். இறங்கிற இடமெல்லாம் உடைந்த முருகைக்கல் (பவளப்பாறை) துண்டுகள். நான் வாய் திறக்க முன்னமே உங்கள் செருப்பைக் கழற்றி அவவுக்குப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு நடத்திக் கொண்டுபோனீர்கள். பிறகு இடுப்பளவு தண்ணியில் கண்ணாடி மாட்டி மீன்களைக் காட்டினீர்கள். “முருகைக்கல்லில மிதிக்காதேங்கோ அம்மா, அதுக்கு உயிர் இருக்கு” என்றீர்கள். 2003இல் அதைத் தேசியப் பூங்காவாக்கியதே அந்த உயிருக்காகத்தானே.

காசு நீட்டினேன், வாங்கவில்லை. அம்மா இன்னும் அந்த மஞ்சள் மீன்களைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருக்கிறா, தம்பி.